வீட்ல கூழாங்கல் தோட்டம் போடலாமா? எல்லாரும் கேக்குற கேள்விகளும் என்னோட பதில்களும்

நாலு வருஷம் முன்னாடி தாம்பரம் தாண்டி இருக்குற எங்க வீட்டு முன்னாடி, காம்பவுண்டு சுவருக்கும் போர்ட்டிகோவுக்கும் நடுவுல கிடந்த 4 அடி அகலம் 15 அடி நீளத் துண்டுல கூழாங்கல் தோட்டம் போட்டேன். அப்போ இருந்து கேட் பக்கம் நின்னு கேக்குறவங்க, போன்ல கேக்குற சொந்தக்காரங்க, புது வீடு கட்டுற பிரெண்ட்ஸ்னு எல்லாரும் கிட்டத்தட்ட இதே கேள்விகளைத்தான் கேக்குறாங்க. அவங்க கேட்ட மாதிரியே கேள்வியை எழுதி, எனக்குத் தெரிஞ்ச பதிலைக் கீழ போட்டிருக்கேன். முதல் ஏழெட்டு கேள்வியை வரிசையா படிச்சுட்டுப் போனா பின்னாடி வர்றது சுலபமா புரியும்.

கூழாங்கல் தோட்டம்னா என்னங்க, தரையில கல்லைக் கொட்டி நாலு தொட்டி வைக்கிறதுதானே?

பார்க்க அப்படித்தான் இருக்கும், ஆனா அது இல்ல. மண்ணு திறந்தே இருக்கணும், அந்த மண்ணுக்கு மேல கல்லு ஒரு மூடி மாதிரி உட்காரணும், செடி அந்த மண்ணுலயே வேர் விடணும், மழைத்தண்ணி கல்லு இடுக்கு வழியா கீழ இறங்கணும். இந்த நாலும் நடந்தாத்தான் அது தோட்டம். சிமெண்ட் தரையில கல்லைப் பரப்பி தொட்டி வச்சா அது அலங்காரம், அதையும் தப்புன்னு சொல்லல, ஆனா ஒரு வருஷத்துல தூசியும் பாசியும் ஏறி பார்க்கவே முடியாம போகும்.

மே மாசம் மத்தியானம் மூணு மணிக்கு எங்க தோட்டத்துல ஒரு கல்லை எடுத்துப் பாருங்க. மேல்பக்கம் கையில பிடிக்க முடியாத அளவுக்கு சுடும், கல்லு உட்கார்ந்திருந்த இடத்துல மண்ணு கறுப்பா ஈரமா இருக்கும், சில நேரம் குட்டி மண்புழு ஒண்ணு சுருண்டு கிடக்கும். பக்கத்துல கல்லு இல்லாத இடத்துல அதே மண்ணு வெடிச்சுப் போய் இருக்கும். எனக்கு இந்த வேலை மேல பிடிப்பு வந்ததே அதைப் பார்த்துத்தான்.

எங்க வீட்ல இடமே இல்ல, சைடுல ரெண்டு மூணு அடிதான் இருக்கு, அதுக்குப் போய் இதெல்லாம் தேவையா?

இதுக்கு சின்ன இடம்தான் ரொம்ப பொருத்தம். பெரிய இடம்னா புல்லு போடலாம், காய்கறி போடலாம், மரம் வைக்கலாம். மூணு அடி சந்துல புல்லும் வராது, நடந்து நடந்து சேறாயிடும், அதனாலதான் எல்லாரும் சிமெண்ட் போட்டு மூடிடுறாங்க. அந்த மாதிரி இடத்துக்கு கூழாங்கல் நல்ல வழி, நடக்கவும் செய்யலாம், தண்ணியும் இறங்கும்.

ஒரே ஒரு விஷயம் பார்த்துக்கோங்க, அந்தச் சந்துல செப்டிக் டேங்க் மூடி, டிரைனேஜ் சேம்பர், தண்ணி பைப் வால்வு எதாவது இருந்தா அதைக் கல்லுக்கு அடியில புதைச்சுடாதீங்க. அந்த இடத்துல மட்டும் ஒரு கடப்பா கல் பலகையை தூக்குற மாதிரி வச்சுட்டு சுத்தி கல்லு போடுங்க.

எந்த சைஸ் கல்லு வாங்கணும்? கடையில போனா இருபது வகை காட்டுறாங்க, தலை சுத்துது

நடக்குற இடத்துக்கு 10-ல இருந்து 20 மில்லிமீட்டர், அதாவது ஜல்லி கணக்குல சொன்னா அரை ஜல்லிக்கும் முக்கால் ஜல்லிக்கும் நடுவுல. செடி இருக்குற இடத்துக்கு 20-ல இருந்து 40. ஓரத்துக்கும் பார்வைக்கும் உள்ளங்கை அளவு கல்லு கொஞ்சம். ஒரே சைஸ்ல எல்லாத்தையும் போட்டா கடையில கொட்டி வச்ச மாதிரி இருக்கும், ஆத்தங்கரையில பார்த்திருப்பீங்களே, பெருசும் சின்னதும் கலந்துதானே கிடக்கும், அந்த மாதிரி கலந்து போட்டாத்தான் கண்ணுக்கு நல்லா இருக்கு.

ரெண்டு எச்சரிக்கை. ஒண்ணு, நம்ம ஊர்ல லாரிக்காரர்கிட்ட "கிராவல்"னு கேட்டா செம்மண் கிராவல் கொண்டுவந்து கொட்டிடுவாங்க, கூழாங்கல்லுன்னே கேளுங்க. ரெண்டாவது, கடையில கல்லு மேல தண்ணி தெளிச்சு வச்சிருப்பாங்க, ஈரத்துல எல்லாக் கல்லும் அழகா இருக்கும், அதனால காய்ஞ்ச கல்லு ஒரு கைப்பிடி எடுத்துக் காட்டச் சொல்லுங்க. வருஷத்துல பாதி நாளுக்கு மேல உங்க வீட்ல அந்தக் காய்ஞ்ச கலர்தான் தெரியப்போகுது.

எத்தனை மூட்டை ஆகும்னு எப்படிக் கணக்கு போடுறது?

நீளத்தையும் அகலத்தையும் அடியில பெருக்குங்க, சதுர அடி வரும். அதை கல்லோட கனத்தால (இன்ச்ல) பெருக்கி 12-ஆல வகுங்க, கன அடி வரும். ஒரு கன அடி கூழாங்கல் சுமார் 45 கிலோ. எங்க இடத்தையே எடுத்துக்கோங்க, 60 சதுர அடி, ரெண்டு இன்ச் கனம், 120-ஐ 12-ஆல வகுத்தா 10 கன அடி, அப்போ 450 கிலோ, 50 கிலோ மூட்டை ஒன்பது.

ரெண்டு இன்ச்சுக்குக் குறைச்சு போடாதீங்க, மண்ணு தெரியும், களையும் ஈஸியா முளைக்கும். மூணு இன்ச்சுக்கு மேலயும் வேண்டாம், நடக்கும்போது கால் புதையும். ஒரு மூட்டை கூடுதலா வாங்கி வச்சுக்கோங்க, அடுத்த வருஷம் போய் அதே கலர் தேடுனா கிடைக்காது. பெரிய இடம்னா யூனிட் கணக்குல லோடாவே கேளுங்க, ஒரு யூனிட் 100 கன அடி.

காசு குடுத்து ஏன் வாங்கணும், ஊருக்குப் போறப்ப ஆத்துல இருந்து ரெண்டு சாக்கு அள்ளிட்டு வந்தா போதாதா?

வேண்டாங்க. கூழாங்கல்லும் மணல் மாதிரி சிறுகனிமம்தான், அனுமதி இல்லாம ஆத்துல இருந்து அள்ளிட்டுப் போறது சட்டப்படி தப்பு, தமிழ்நாட்டுல இதுக்குன்னே 1959-ல இருந்து சிறுகனிம விதிகள் இருக்கு. சட்டத்தை விடுங்க, நம்ம ஆறுங்க இருக்குற நிலைமையைப் பார்த்தா மனசு வரக்கூடாது. அந்தக் கல்லுக்கு அடியிலதான் மீன் குஞ்சும் பூச்சியும் இருக்கு, வர்ற வெள்ளத்தோட வேகத்தைத் தடுக்குறதும் அந்தக் கல்லுதான்.

கடையில வர்ற கல்லு எல்லாமே ஆத்துக் கல்லுன்னு நினைக்காதீங்க. உளுந்தூர்பேட்டை பக்கம் நிலத்துல குவாரி வெட்டியே கூழாங்கல் எடுக்குறாங்க, சில கல்லு சும்மா உடைச்ச கல்லை டிரம்ல போட்டு உருட்டி வழவழன்னு ஆக்குனது. எங்க இருந்து வருதுன்னு கேட்டு, பில் குடுக்குற கடையில வாங்குங்க.

வெள்ளைக் கல்லு, கலர் கல்லு போட்டா இன்னும் பளிச்சுன்னு இருக்குமே?

பச்சை, நீலம், சிவப்புன்னு அடிக்கிற கலர்ல வர்றதுல பெரும்பாலும் சாயம். ரெண்டு கல்லை ஒரு ராத்திரி தண்ணியில ஊறவச்சு காலையில வெள்ளைத்துணியால அழுத்தித் தேய்ச்சுப் பாருங்க. கலர் ஒட்டுனா விட்டுடுங்க, நம்ம வெயில்ல ஒரு கோடைக்குக் கூடத் தாங்காது.

வெள்ளைக் கல்லு நிறைய மார்பிள்ல செஞ்சது. அது பகல்ல கண்ணைக் கூசும், தூசியும் உடனே தெரியும். அதைவிட முக்கியமா, மார்பிள் சுண்ணாம்பு வகைக் கல்லு, கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு மண்ணுல சுண்ணாம்புத்தன்மையை ஏத்தும். இட்லிப்பூச் செடி மாதிரி புளிப்பு மண்ணு கேக்குற செடிக்கு இது ஆகாது, இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நிக்கும், உரக்குறைன்னு நினைச்சு உரமா போடுவோம். மார்பிளா இல்லையான்னு தெரிஞ்சுக்க கல்லு மேல எலுமிச்சைச்சாறு பிழிஞ்சு விடுங்க, பொடிப்பொடியா நுரை வந்தா மார்பிள். வெள்ளைதான் வேணும்னா வெள்ளை குவார்ட்ஸ் கேளுங்க.

கல்லுக்கு அடியில பிளாஸ்டிக் ஷீட் போட்டா களை வராதுன்னு சொல்றாங்களே?

நானும் அதைத்தான் முதல்ல பண்ணேன். வேலைக்கு வந்தவர் தார்ப்பாய் விரிச்சு கல்லைக் கொட்டிக் குடுத்தார், பார்க்க சுத்தமா இருந்துச்சு, நானும் காசு குடுத்து அனுப்பிட்டேன். நவம்பர் மழை ரெண்டு நாள் அடிச்சதும் கல்லுக்கு நடுவுல தண்ணி நின்னுச்சு. வெளிய இருந்து பார்த்தா தெரியல, காலை வச்சா மட்டும் சளக்குன்னு சத்தம். பத்து நாள்ல அழுகுன வாடை, சாயங்காலம் ஆனா கொசு, வச்ச அடீனியம் செடி மூணும் அடியில கொழகொழன்னு ஆகிப் போச்சு. 450 கிலோ கல்லையும் பாண்டுல அள்ளி வெளிய எடுத்து ஷீட்டைக் கிழிச்சு எறிஞ்சு மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிச்சேன்.

போட வேண்டியது ஜியோடெக்ஸ்டைல் துணி, கம்பளி மாதிரி இருக்கும், தண்ணி இறங்கும், மண்ணு மேல வராது. நெய்யாத வகையில 150-ல இருந்து 200 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்ங்கிற கணக்கு) கேளுங்க. ரெண்டு துண்டு சேர்ற இடத்துல அரை அடி ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இருக்கணும். வெயில் பட்டா துணி பொடிஞ்சு போயிடும், அதனால எங்கயும் கல்லு இல்லாம துணி வெளிய தெரியக்கூடாது. செடி நிறைய வைக்கப்போற பகுதியில துணியே இல்லாம மூணு இன்ச் கல்லு மட்டும் போடுறதும் நல்ல முறைதான், கொஞ்சம் களை பிடுங்கணும், ஆனா மண்ணு உயிரோட இருக்கும். எனக்கு இப்போ அதுதான் பிடிச்சிருக்கு, நடக்குற பாதைக்கு மட்டும் துணி வச்சிருக்கேன்.

சரி, எந்த வேலை முதல்ல எது அப்புறம்னு வரிசையா சொல்லுங்க

முதல்ல தண்ணி பார்க்கணும். ஒரு அடி ஆழம் குழி வெட்டி தண்ணி நிரப்புங்க, இறங்குனதும் மறுபடி நிரப்புங்க. ரெண்டாவது தடவை ஊத்துன தண்ணி சில மணி நேரத்துல இறங்கிட்டா நல்ல மண்ணு, மறுநாள் காலையிலயும் நின்னா களிமண்ணு, அப்போ ஆத்து மணலோ எம்-சாண்டோ கொஞ்சம் கலந்தா போதும்னு நினைக்காதீங்க, செடி வைக்கிற இடத்தை அரை அடி மேடாக்குறதுதான் ஒழுங்கா வேலை செய்யும். அடுத்து கயிறு கட்டி, சுண்ணாம்புப் பொடி தூவி வடிவம் போடுங்க, ரெண்டு நாள் அப்படியே விட்டு வீட்டுக்குள்ள வர போக பாருங்க, பைக் எங்க திரும்புது, கேட் எவ்ளோ தூரம் திறக்குது, துணி எங்க காயப்போடுறோம்னு அப்போதான் தெரியும்.

அப்புறம் நாலு இன்ச் ஆழம் மண்ணை வெட்டி எடுங்க, கோரைக்கிழங்கு, அருகம்புல் வேர் கண்ணுல பட்டதெல்லாம் பொறுக்கிடுங்க, இந்த இடத்துல சோம்பேறித்தனம் பட்டா பின்னாடி ரெண்டு வருஷம் அழணும். சரிவு வீட்டுச் சுவர்ல இருந்து வெளிப்பக்கம் போகணும், பத்தடிக்கு ஒண்ணேகால் இன்ச் இறக்கம் போதும், டியூப் லெவல் (தண்ணி நிரப்புன ட்யூப்ல மட்டம் பார்க்குறது) வச்சுப் பார்த்துக்கோங்க. கல்லு போட்டு முடிச்சாலும் அதோட மட்டம் வீட்டு பேஸ்மெண்ட் மட்டத்துக்கு அரை அடி கீழயே நிக்கணும், இல்லன்னா சுவர்ல ஈரம் ஏறும்.

ஓரத்துக்கு செங்கலை குத்துவசமா நிறுத்தி கலவை போடலாம், கருங்கல்லும் வைக்கலாம், மூணு நாலு அடிக்கு ஒரு இடத்துல விரல் நுழையுற சந்து விடுங்க, தண்ணி போகணும். ஓரம் கல்லு மட்டத்தை விட ஒரு இன்ச் உயரமா இருந்தாத்தான் கல்லு சிதறாது. பாதை வர்ற இடத்துல மட்டும் ரெண்டு இன்ச் கிரஷர் பவுடரோ (ஜல்லி உடைக்கும்போது வர்ற பொடி) சின்ன ஜல்லியோ போட்டு தண்ணி தெளிச்சு திமிசு போடுங்க (இடிச்சு இறுக்குங்க), செடி வர்ற இடத்துல திமிசு போடவே கூடாது, அங்க மண்ணுல தொழு உரமும் மணலும் கலந்து செடியை நட்டு தண்ணி ஊத்தி ஒரு வாரம் விடுங்க.

கடைசியாத்தான் துணியும் கல்லும். கல்லை சல்லடையில போட்டு கழுவாம போடாதீங்க. மூட்டையைப் பிரிச்சு பைப் தண்ணி அடிச்சா முதல் அஞ்சு நிமிஷம் செங்கல் கலர்ல தண்ணி ஓடும், அந்தப் பொடி அத்தனையும் துணியில போய் அடைச்சா தண்ணி இறங்குறது பாதியா குறைஞ்சிடும். தண்டை ஒட்டி கல்லு போடாதீங்க, மூணு நாலு விரல் இடம் விடுங்க.

ஏற்கனவே சிமெண்ட் போட்ட தரை, அதை உடைக்காம மேலயே கல்லு போடலாமா?

போடலாம், ஆனா முதல் பதில்ல சொன்ன மாதிரி அது அலங்காரமாத்தான் இருக்கும். என்கிட்ட கேட்டா முழுசா உடைக்க வேண்டாம், சுவரை விட்டுத் தள்ளி ரெண்டடி அகலத்துக்கு ஒரு பட்டை மட்டும் உடைச்சு எடுங்கன்னு சொல்வேன், ஒரு கொத்தனாருக்கு ஒரு நாள் வேலை. 60 சதுர அடியில ஒரு இன்ச் மழை விழுந்தா கிட்டத்தட்ட 140 லிட்டர் தண்ணி, சிமெண்ட்ல விழுந்தா அது தெருவுக்குத்தான் ஓடும்.

அப்போ மொட்டைமாடி மழைத்தண்ணி பைப்பையும் இதுலயே விட்டுடலாமா? தனியா மழைநீர் தொட்டி எதுக்கு?

அது கூடாது. 600 சதுர அடி மாடியில ஒரு இன்ச் மழைக்கு 1,400 லிட்டர் வரும், அது ஒரே இடத்துல கொட்டுனா கல்லை எல்லாம் அரிச்சு ஒதுக்கிடும், சுவர் ஓரம் தண்ணி நிக்கும். 2003-ல தமிழ்நாட்டுல எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயம் ஆக்குனாங்க, அந்தத் தொட்டியை அப்படியே வச்சுக்கோங்க, மாடித் தண்ணி அதுக்குப் போகட்டும். கூழாங்கல் தோட்டம் தன் மேல விழுற மழையைக் குடிச்சா போதும். தொட்டியில தூர் வாரி ரொம்ப நாளாச்சுன்னா இந்த வேலையோட சேர்த்து அதையும் முடிச்சிடுங்க.

என்ன செடி வைக்கலாம்? படத்துல பார்க்குற மாதிரி வருமா?

படங்கள்ல நிறைய குளிர் நாட்டுச் செடி. இங்கிலாந்துல எஸ்ஸெக்ஸ் பக்கம் பெத் சாட்டோங்கிறவங்க 1990-கள் தொடக்கத்துல ஒரு பழைய கார் நிறுத்துற இடத்தை ஜல்லித் தோட்டமா மாத்துனாங்க, உலகம் பூரா பேர் வாங்குன தோட்டம், நட்டு வேர் பிடிச்சதுக்கு அப்புறம் தண்ணியே விடுறதில்ல. அங்க மழை கம்மி, ஆனா வருஷம் பூரா கொஞ்சம் கொஞ்சமா பெய்யும். சென்னையில வருஷத்துக்கு சுமார் 1,400 மில்லிமீட்டர், அதுல பாதிக்கு மேல அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ள கொட்டிடும். ஆக நமக்கு வேண்டியது ஆறு மாசம் காயவும் தெரிஞ்சு மூணு மாசம் நனையவும் தெரிஞ்ச செடி.

என் அனுபவத்துல நல்லா வந்தது நித்யகல்யாணி, பத்துமணிப்பூ, மருள், ரியோ, குட்டை இட்லிப்பூ (வெள்ளை மார்பிள் இல்லாத இடத்துல), திருநீற்றுப்பச்சிலை. சோத்துக்கத்தாழை, அடீனியம் ரெண்டும் வரும், ஆனா மேட்டுல வைங்க, இல்லன்னா மழைக்காலத்துல அழுகும். கள்ளி வகை ஒண்ணு ரெண்டு போதும். அடீனியம் பாலு விஷம், கிறிஸ்து முள்செடிப் பாலு கண்ணுல பட்டா ரொம்ப எரியும், சின்னக் குழந்தை இருக்குற வீடுன்னா ரெண்டையும் தவிர்த்துடுங்க. செடியை மூணு அஞ்சுன்னு கூட்டமா நடுங்க, நடுவுல வெறும் கல்லு இருக்கட்டும்.

கல்லு போட்டா வீடு சூடாகாதா? கத்திரி வெயில்ல அனல் அடிக்குமே

உண்மைதான், மறைக்க வேண்டியதில்ல. கல்லு பகல்ல சூட்டை வாங்கி ராத்திரி விடும். ஆனா சிமெண்ட் தரையும் அதைத்தான் செய்யுது, கல்லுக்கு அடியில ஈரம் இருக்குறதால கொஞ்சம் பரவாயில்ல. மேற்கு வெயில் நேரா அடிக்கிற ஜன்னலுக்குக் கீழ கல்லு போடாதீங்க, அங்க அடர்த்தியா செடி வைங்க. மொத்த இடத்துல மூணுல ஒரு பங்காவது இலை நிழல் விழுற மாதிரி பார்த்துக்கிட்டா வித்தியாசம் நல்லாவே தெரியும்.

வேலையை ஏப்ரல் மே மாசத்துல ஆரம்பிக்காதீங்க. ஜூலை ஆகஸ்ட்ல நட்டா மழைக்கு முன்னாடி வேர் பிடிச்சிடும்.

தண்ணியே ஊத்த வேண்டாம்னு சொல்றாங்களே, நிஜமா?

முதல் மூணு மாசம் ஊத்தணும். அதுக்கப்புறம் கோடையில வாரம் ரெண்டு தடவை, செடி அடியில மட்டும், நிதானமா. கல்லு மேல பூவாளியில தெளிக்காதீங்க, அது கல்லை நனைச்சுட்டு ஆவியா போயிடும், செடிக்கு ஒண்ணும் கிடைக்காது. ஊத்தலாமா வேண்டாமான்னு சந்தேகம் வந்தா ஒரு கல்லைத் தூக்கி விரலால மண்ணைத் தொட்டுப் பாருங்க.

கல்லு மேல வெள்ளையா படியுது, தேய்ச்சாலும் போகல

போர் தண்ணியில இருக்குற உப்பு அது. மேலயே தெளிச்சா வரும், அதனாலயும் அடியில ஊத்துங்கன்னு சொன்னேன். படிஞ்ச கல்லைத் தனியா எடுத்து வாளியில தண்ணியும் கொஞ்சம் வினிகரும் கலந்து ஊறவச்சு பிரஷ்ஷால தேய்ச்சா போயிடும். மார்பிள் கல்லுன்னா வினிகர் வேண்டாம், கல்லே அரிக்கும். டாய்லெட் ஆசிட்டை தோட்டத்துல ஊத்துறதை ஒரு வீட்ல பார்த்தேன், தயவுசெஞ்சு அதைப் பண்ணாதீங்க, கல்லும் போச்சு, சுத்தி இருந்த செடியும் போச்சு.

பாம்பு, தேள் வந்து தங்கும்னு எங்க அத்தை போடவே விட மாட்டேங்குறாங்க

அத்தை பயப்படுறதுல நியாயம் இருக்கு. பெரிய கல்லை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி இடுக்கு விட்டா தேளும் பூரானும் கண்டிப்பா தங்கும், எலி வளை போட்டா பின்னாடியே பாம்பும் வரும். ரெண்டு இன்ச் கனத்துல பரப்புன சின்னக் கல்லுல அவ்ளோ பெரிய இடுக்கு இருக்காது. பெரிய கல்லு வைக்கணும்னா மூணுல ஒரு பங்கு மண்ணுக்குள்ள புதைச்சு வைங்க, அடியில சந்து இருக்காது, பார்க்கவும் தானா முளைச்ச மாதிரி நல்லா இருக்கும்.

சுவரை ஒட்டி செடி புதர் ஆகாம வெட்டி விடுங்க, பழைய மரப்பலகை, செங்கல் குவியல் பக்கத்துல வேண்டாம். கல்லுக்குள்ள கையை விட்டு வேலை பார்க்கும்போது கிளவுஸ் போட்டுக்கோங்க, ராத்திரி அந்தப் பக்கம் லைட் போட்டுட்டுப் போங்க.

பூனை வந்து அசிங்கம் பண்ணிட்டுப் போகுது, என்ன பண்றது?

உங்க கல்லு ரொம்பப் பொடியா இருக்குன்னு அர்த்தம். பூனை மணல் மாதிரி கிளற முடியுற இடத்தைத்தான் தேடும். மேல ஒரு அடுக்கு 20 மில்லிமீட்டருக்கு மேல இருக்குற கல்லு போடுங்க, பெரும்பாலும் நின்னுடும்.

பக்கத்துல முருங்கை மரம் இருக்கு, இலை உதிர்ந்து கல்லு இடுக்குல போயிடுது, பொறுக்கவே முடியல

இதுதான் கஷ்டமான கேள்வி. மாவிலை, பலா இலை மாதிரி பெரிய இலை பிரச்சனையே இல்ல, கையால எடுத்துடலாம். முருங்கை இலை, வேப்பம்பூ, புளிய இலை இது மூணும் கல்லுக்குள்ள இறங்கி அங்கயே மக்கி மண்ணாயிடும், அந்த மண்ணுல களை முளைக்கும், கீழ என்ன துணி போட்டாலும் அதைத் தடுக்க முடியாது, ஏன்னா களை துணிக்கு மேலயே முளைக்குது.

மரத்தை வெட்டுங்கன்னு சொல்ல எனக்கு மனசு வராது. அந்த மரத்தோட நிழல் விழுற இடத்தை கல்லு இல்லாம விட்டு அங்க மண்ணும் செடியுமா வச்சுக்கோங்க, இலை விழுந்து அங்கயே உரமாகட்டும், கல்லு அதைத் தாண்டி ஆரம்பிக்கட்டும். ஏற்கனவே போட்டாச்சுன்னா ஈர்க்குமாறால லேசா மேலாக்க கூட்டுங்க, அழுத்தாதீங்க, தினம் ரெண்டு நிமிஷம், ஈரமா இருக்கும்போது கூட்டவே வேண்டாம். பூ உதிர்ற மாசத்துல மட்டும் பழைய கொசுவலையை மேல விரிச்சு சாயங்காலம் சுருட்டி உதறுறாங்க எங்க பக்கத்து வீட்டு அக்கா, நல்ல வழியா தெரியுது.

துணி போட்டும் கோரை குத்திக்கிட்டு வருது, மருந்து அடிக்கலாமா?

கோரையோட முனை ஊசி மாதிரி, துணியைத் துளைச்சுட்டு வரும். மேல பிடுங்குனா கிழங்கு கீழயே இருக்கும், பக்கத்துல இன்னொண்ணு வரும். அந்த இடத்துல கல்லை ஒதுக்கி, துணியை வெட்டித் திறந்து, ஒரு ஜான் ஆழம் தோண்டி கிழங்கை எடுத்துட்டு மேல வேற துணி ஒட்டு போடுங்க. மூணு நாலு தடவை விடாம செஞ்சா ஓயும். களைக்கொல்லி அடிக்க வேண்டாம்னுதான் சொல்வேன், தண்ணி இறங்கணும்னு இவ்ளோ பாடுபட்டு செஞ்ச இடம், நீங்க அடிக்கிறதும் அதே வழியாத்தான் கீழ போகும், பக்கத்துலயே உங்க கிணறோ போரோ இருக்கும்.

மொட்டைமாடியில போடலாமா? லோடு தாங்குமா?

கணக்கு சொல்றேன், நீங்களே பாருங்க. ரெண்டு இன்ச் கல்லு ஒரு சதுர அடிக்கு ஏழரை கிலோ. ஆள் ஏறிப் போற மாடிக்கு இந்தியத் தரக்கட்டுப்பாடு விதியில (ஐஎஸ் 875) வச்சிருக்குற பயன்பாட்டு பாரம் ஒரு சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், சதுர அடிக்கு சுமார் 14 கிலோ. கல்லு மட்டுமே பாதிக்கு மேல சாப்பிட்டுடுச்சு, இன்னும் மண்ணு, தொட்டி, தண்ணி, நாலு பேர் நிக்கிறது எதையும் கணக்குல சேர்க்கல.

அதனால மாடி பூரா பரப்பாதீங்க. ஓரமா, கீழ சுவரோ பீமோ வர்ற இடத்துல, தட்டுல போட்ட மாதிரி சின்னதா வைங்க, தண்ணி போற வாயை மூடாதீங்க, வாட்டர் புரூஃபிங் மேல நேரடியா கூர்மையான கல்லு படக்கூடாது. அதுக்கு மேல செய்யணும்னு ஆசைன்னா வீடு கட்டுன இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டிட்டு செய்யுங்க.

ஜப்பான்காரங்க மாதிரி கல்லுல அலை அலையா கோடு போடணும், எனக்கு வரவே மாட்டேங்குது

கூழாங்கல்லுல வராதுங்க, அது உங்க தப்பு இல்ல. உருண்டைக் கல்லு கோட்டைப் பிடிச்சு வைக்காது, சரிஞ்சுடும். கியோட்டோவுல ரியோவான்ஜி கோயில் தோட்டத்துல 15 பெரிய கல்லு இருக்கு, எங்க உட்கார்ந்து பார்த்தாலும் ஒண்ணாவது மறைஞ்சுதான் இருக்கும்னு சொல்வாங்க, அதைச் சுத்தி கோடு போடுறது முனை உள்ள பொடி ஜல்லியில. நம்ம ஊர்ல கிரானைட்டை உடைச்ச 6 மில்லிமீட்டருக்குக் குறைவான சிப்ஸ் வாங்கிக் கழுவி தூசி போக்கி ரெண்டு இன்ச் போட்டா கோடு நிக்கும். பூனை விஷயம் மேல சொன்னேன், அதை ஞாபகம் வச்சுக்கோங்க. மழை ஒழுகாத முற்றம், சிட்-அவுட் மாதிரி இடத்துல செஞ்சா தினம் சரி பண்ண வேண்டியிருக்காது.

எங்க அம்மாவுக்கு முட்டி வலி, கல்லுல நடக்க பயப்படுறாங்க. சின்ன வாண்டு வேற வீட்ல இருக்கான்

அம்மா நடக்குற வழி பூரா கடப்பா கல்லோ கருங்கல் பலகையோ பதிச்சிடுங்க, ஒண்ணரை அடி அகலம், அவங்க நடையை அளந்து. அவங்களையே நடக்கச் சொல்லி கால் விழுற இடத்துல சாக்பீஸ்ல குறிச்சு அங்க பலகை வைங்க, நம்ம நடைக்கு வச்சா அவங்களுக்கு எட்டாது. பலகை ஆடாம மணல் போட்டு உட்கார வைக்கணும், மேல்பக்கம் பாலிஷ் போடாத சொரசொரப்பு இருக்கணும். மூணு வயசுக்குள்ள குழந்தைன்னா பொடிக்கல்லே வேண்டாம், வாயில போட்டுக்கும், அவன் வளர்ற வரைக்கும் உள்ளங்கை அளவு கல்லு மட்டும் போட்டு வைங்க.

போட்டு ரெண்டு வருஷம் ஆச்சு, கல்லு எல்லாம் மண்ணுக்குள்ள போய் அசிங்கமா இருக்கு. எல்லாத்தையும் தூக்கி எறிஞ்சிடலாமா?

எறியாதீங்க, கல்லுக்கு ஒண்ணும் ஆகல. பொங்கலுக்கு அப்புறம் மழை ஈரம் காய்ஞ்சதும் ஒரு ஞாயித்துக்கிழமை எடுத்துக்கோங்க. ஒரு பக்கத்துல இருந்து மூணு அடி மூணு அடியா கல்லை அள்ளி சல்லடையில சலிங்க. கீழ விழுற கறுப்பு மண்ணு ரெண்டு வருஷ இலை மக்குனது, அருமையான உரம், அதை அப்படியே செடி அடியில போடுங்க. துணி கிழிஞ்சிருந்தா ஒட்டு, மட்டம் இறங்கியிருந்தா கொஞ்சம் கிரஷர் பவுடர், அப்புறம் கல்லைக் கழுவிப் பரப்புங்க, முதல்ல கூடுதலா வாங்கி வச்ச அந்த ஒரு மூட்டையைப் பிரிக்க வேண்டியது இப்போதான். எங்க 60 சதுர அடிக்கு ரெண்டு பேர் சேர்ந்து காலையில ஆரம்பிச்சு மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள முடிச்சோம்.